குழந்தைகள் பென்டோவில் முழுக் காடை முட்டை வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மழலைகளுக்கான ஜப்பானிய ‘பென்டோ’ சாப்பாட்டு டப்பா பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘மூன்று வயது முதல்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு, கீழே செய்முறையில் அவித்த காடை முட்டையை முழுசாக வைத்துக் கோழிக்குஞ்சு முகம் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். திராட்சையும் செர்ரி தக்காளியும் முழுசு முழுசாகவே படத்தில் இருக்கின்றன. கரடியின் காதுகளைப் பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்தச் சொல்கிறது இன்னொரு குறிப்பு. இந்த மூன்றையும் அடுத்த இதழிலேயே திருத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கூடவே, இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நாளைக்கே செய்யப் போகிறவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் காடை முட்டை. 2024 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா மாகாணத்து மியாமா நகரில், முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி மதிய உணவில் இருந்த காடை முட்டை தொண்டையை அடைத்து இறந்துபோனான். அதற்கு முன்பு, 2020 செப்டம்பரில், டோக்கியோவின் ஹச்சியோஜி பகுதியில் நான்கு வயதுக் குழந்தை மழலைப் பள்ளியில் திராட்சை அடைத்து இறந்தது. இரண்டுமே பள்ளியில், சாப்பாட்டு வேளையில் நடந்தவை. உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் பொருள் கடிபடுவதற்கு முன்பே நழுவிப் பின்னால் போய்விடுகிறது. போய் உட்கார்ந்தால் மூடி போட்டதுபோல அடைத்துக்கொள்கிறது. மூன்று வயதில் கடைவாய்ப் பால்பற்கள் இப்போதுதான் முளைத்து முடித்திருக்கும். ஆறு வயதிலோ முன்பல் விழ ஆரம்பித்துவிடும், கடித்துத் துண்டாக்கவே சிரமப்படுவார்கள்.

ஜப்பான் அரசு 2016-இல் மழலையர் காப்பகங்களுக்கு வெளியிட்ட விபத்துத் தடுப்பு வழிகாட்டியில், காடை முட்டை, திராட்சை, செர்ரி தக்காளி, உருண்டை சீஸ் எல்லாம் கொடுக்காமல் தவிர்க்க வேண்டியவற்றின் வரிசையில் வருகின்றன. வீட்டில் கொடுப்பதானால் திராட்சையையும் செர்ரி தக்காளியையும் நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். கடினமான பருப்பு வகைகளையும் கொட்டைகளையும் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தரவே கூடாது என்று அங்குள்ள நுகர்வோர் விவகார முகமை 2021 ஜனவரியில் எச்சரித்தது. ஆகவே உங்கள் பக்கத்தில் கரடிக்கு மூக்காக வைத்திருந்த வறுத்த வேர்க்கடலையையும் எடுத்துவிடுங்கள். கோழிக்குஞ்சு வேண்டுமென்றால், அவித்த கோழி முட்டையின் மஞ்சள் கருவைச் சோற்றில் பிசைந்து செய்யலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இந்த வகைப் பென்டோவுக்கு ஜப்பானில் ‘கியாராபென்’ என்று பெயர். கேரக்டர், பென்டோ என்ற இரண்டு சொற்களையும் வெட்டி ஒட்டியது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடக்கப் பள்ளிகளில் பள்ளியே மதிய உணவு தரும் முறை பரவிவிட்டது. பகல் நேரக் காப்பகங்களிலும் பொதுவாகச் சமைத்துத்தான் போடுகிறார்கள். எனவே தினசரி பென்டோ என்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான ‘யோச்சியென்’ என்ற மழலைப் பள்ளிக் காலத்து விஷயம், பிறகு சுற்றுலா நாளுக்கும் விளையாட்டு விழாவுக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பல கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைக்கும். சாப்பிடப் போவது மூன்று வயதுக் குழந்தை. டப்பாவைத் தானே திறக்க வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார். கட்டி நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் பை இருபது தடவை சுழன்றிருக்கும்.

டப்பா அளவிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வயதுக்கு 270 முதல் 300 மி.லி., ஐந்து வயதுக்கு 360 மி.லி. அளவு போதும். பாதி இடம் சோறு. மீதிப் பாதியை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு முட்டை, மீன், கோழி போன்றவை, இரண்டு பங்கு காய்கறி. 3:1:2 என்று ஜப்பானில் சொல்வார்கள். இப்படி நெருக்கமாக நிரப்பினால், டப்பா எத்தனை மி.லி.யோ ஏறக்குறைய அத்தனை கலோரி உள்ளே இருக்கும் என்பது அங்கே எல்லாரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. மூன்று வயதுக்குச் சோறு 80 கிராம் தாராளம். உங்கள் படத்தில் இருந்தது குறைந்தது 600 மி.லி. டப்பா, பெரியவர் அளவு. பெரிய டப்பாவில்தான் அலங்காரத்துக்கு இடம் இருக்கிறது என்று படமெடுப்பவர்கள் அதை எடுக்கிறார்கள். பாதிச் சாப்பாடு திரும்பி வருவதற்கு அதுவே முதல் காரணம்.

இனி ஒரு பாண்டாவை முழுசாகச் செய்து பார்க்கலாம். சாயம் எதுவும் தேவையில்லாததால் பழகுவதற்கு இதுவே நல்லது. பெரிய தலை ஒன்று செய்யாதீர்கள். 80 கிராம் சோற்றை ஒரே உருண்டையாக்கினால் குழந்தையின் வாய்க்கு அது எட்டாது. கரண்டியால் உடைத்தால் சிதறும், கடைசியில் பாதி மேஜையில் கிடக்கும். 25 கிராம் வீதம் மூன்று சின்னத் தலைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றும் பிங்பாங் பந்தைவிடச் சற்றுச் சிறிதாக வரும்.

ஜப்பானிய அரிசி 180 மி.லி. அளவு, அதாவது 150 கிராம், வடித்தால் சுமார் 330 கிராம் சோறு கிடைக்கும். சோறு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் ஒட்டாது, விரிசல் விடும். கிளிங் ரேப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, உப்பு ஒரு சிட்டிகை தூவி, சோற்றை நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்குங்கள். வெறுங்கையால் உருட்டவே கூடாது. தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சோற்றில் பெருகி உண்டாக்கும் நஞ்சு, பிறகு சூடாக்கினாலும் போகாது. விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் கையுறை கட்டாயம். முறுக்கிய உருண்டையை லேசாகத் தட்டையாக்கி, டப்பாவின் உயரத்தைவிட அரை செ.மீ. குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அரை செ.மீ.யை விட்டுவிட்டால் மூடி அழுத்தி மூக்கு நசுங்கும், முகத்துக்கு ஒட்டும் நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாள் மூடியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். குழந்தை திறக்கும்போது பாண்டாவின் கண்கள் மூடியில் இருக்கும்.

உருட்டியதை ரேப்பிலேயே விட்டு முழுக்க ஆறவிடுங்கள். விசிறி காற்றில் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது. அதுவரை நோரியைத் தொட வேண்டாம். சூட்டில் எழும் ஆவியை நோரி உறிஞ்சிச் சுருங்கும், சுருங்கினால் வட்டக் கண் நெளிந்து அழுத கண் ஆகிவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒன்றுதான்.

நோரியின் முழுத் தாள் 21 செ.மீ.க்கு 19 செ.மீ. இருக்கும். இதில் ஒரு பாண்டாவுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். காதுக்கு 1 செ.மீ. அரைவட்டம் இரண்டு, கண்ணுக்கு 8 மி.மீ. நீளத்தில் சாய்ந்த முட்டை வடிவம் இரண்டு, மூக்குக்கு 4 மி.மீ. நீளத்தில் ஒன்று. இரண்டு கண்ணையும் தனித்தனியாக வெட்டினால் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகப் போகும். நோரியை மடித்தால் உடைந்துவிடும். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் வெட்டுங்கள், இரட்டைப் பிள்ளைகள்போல வரும். சிறிய கூரான கத்தரிக்கோல் போதும். கடையில் விற்கும் நோரி பஞ்ச் என்ற வெட்டும் கருவியை வாங்கினால் வட்டமும் சிரிப்பும் ஒரே அழுத்தில் விழும். ஆனால் ஈரம்பட்ட நோரி அதில் வெட்டுப்படாது, கிழிந்து அந்தக் கருவியின் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். நோரியை முதல் நாள் இரவே வெட்டி, பாக்கெட்டில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு சிறு டப்பாவில் மூடி வைத்துவிட்டால் காலையில் இருபது நிமிடம் மிச்சம்.

ஒட்டும்போது இடுக்கியின் முனை காய்ந்திருக்க வேண்டும். எல்லாப் பாகங்களையும் ஒட்டி முடித்ததும் அதே ரேப்பால் மறுபடி போர்த்தி இரண்டு, மூன்று நிமிடம் வையுங்கள். சோற்றின் ஈரத்தை நோரி சமமாக வாங்கிப் படிந்துவிடும், ஓரம் தூக்கிக்கொண்டு நிற்காது. காதை உச்சியின் ஓரத்தில் ஒட்டினாலே போதும். டப்பாவை மேலிருந்துதானே பார்க்கப் போகிறோம், அதற்குக் குச்சி எதற்கு? முகத்தை அமைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள், மூக்கைக் கண்களுக்கு நடுவில் அதே மட்டத்துக்குச் சற்றுக் கீழே. நெற்றி பெரிதாகவும் கண் தாழ்ந்தும் இருப்பதுதான் குழந்தை முகம். 1943-இல் கோன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் எழுதி வைத்த விஷயம் இது. கண்ணை 3 மி.மீ. மேலே ஏற்றினால் அதே பாண்டா தாத்தா ஆகிவிடும்.

நோரியில் இன்னொரு கவனம் வேண்டும். பெரிய துண்டாகச் சோற்றைச் சுற்றினால், நான்கு மணி நேரத்தில் அது ஈரத்தில் ரப்பர்போல ஆகிவிடும், குழந்தையின் பல்லுக்கு அறுபடாது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குமட்டும். சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முள்கரண்டியால் நெருக்கமாகத் துளைகள் குத்திவிட்டுச் சுற்றுங்கள், கடித்த இடத்தில் பிரியும்.

வெள்ளைக்குச் சீஸ் ஸ்லைஸ். அதைக் கத்தியால் வெட்டினால் இழுபடும், ஓரம் பிசிறும். பிளாஸ்டிக் தாளோடு வைத்துக்கொண்டு பல்குத்தும் குச்சியின் முனையால் கோடு இழுப்பதுபோல வெட்ட வேண்டும். பாண்டா கண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளிக்கு மெல்லிய ஸ்ட்ராவால் குத்தி எடுக்கலாம். நுணுக்கமான முகம் என்றால் நோரியை நேராகச் சோற்றில் ஒட்டாமல் சீஸ் மேல் ஒட்டி, சீஸைச் சோற்றின்மேல் வைப்பது நல்லது. சோற்றின் ஆவி நோரிக்குப் போகாமல் சீஸ் தடுத்துவிடும். சீஸ் ஓரம் காய்ந்து சுருளாமல் இருக்க அதன் கீழே ஒரு துளி மயோனைஸ் தடவினால் பிடித்துக்கொள்ளும்.

பல்குத்தும் குச்சி பட்டறைக் கருவி. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும், டப்பாவுக்குள் போகக் கூடாது. உண்மையிலேயே ஒன்றோடொன்று பொருத்த வேண்டிய இடத்தில், உதாரணமாக சாசேஜில் செய்த காதை முட்டையோடு சேர்க்க, வேகாத ஸ்பகெட்டி பாஸ்தாவை 1.5 செ.மீ. நீளத்துக்கு உடைத்து ஆணிபோலச் செருகுங்கள். மதியத்துக்குள் பக்கத்துப் பொருளின் ஈரத்தை வாங்கி மெத்தென்று ஆகிவிடும், அப்படியே சாப்பிடலாம். ஆனால் காய்ந்த பொருளில், வறுத்த ரொட்டித் துண்டில் செருகினால் ஊறாது, ஊசி மாதிரியே நிற்கும். அங்கே முதலில் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்த பாஸ்தாவைப் போடுங்கள், முறுக்குபோல நொறுங்கும். கடையில் வண்ண வண்ணமாக விற்கும் பிளாஸ்டிக் குச்சிகளைச் சில யோச்சியென்கள் உள்ளே விடுவதே இல்லை. அது நியாயமான விதி.

கோழிக்குஞ்சு நிறத்துக்கு 100 கிராம் சோற்றுக்கு அவித்த கோழி முட்டையின் மஞ்சள் கரு பாதி, டீ வடிகட்டியில் தேய்த்து இறக்கி, உப்பு ஒரு சிட்டிகையுடன் கலக்க வேண்டும். தேய்க்காமல் கையால் உதிர்த்தால் மஞ்சள் திட்டுத் திட்டாக நிற்கும். இளஞ்சிவப்புக்கு ஜப்பானில் ‘சகுரா டென்பு’ என்று இனிப்பு மீன் துருவல் கிடைக்கும், 1 மேசைக்கரண்டி போதும். இல்லாதவர்கள் கெட்சப் சேர்க்கிறார்கள். ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோறு நீர்த்து உருண்டை பிடிக்காது. கரடிப் பழுப்புக்கு சோயா சாஸ் அரைத் தேக்கரண்டியும் ஒரு கிள்ளு காய்ந்த மீன் சீவலும். நீலத்துக்கு நம் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து கலக்கலாம். ஆனால் அதில் வினிகரோ எலுமிச்சையோ பட்டால் நீலம் ஊதாவாகி, இன்னும் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். வெயில் காலத்தில் கெடாமலிருக்க அரிசி வேகும்போதே 180 மி.லி. அரிசிக்கு 1 தேக்கரண்டி வினிகர் விடுவது வழக்கம். அன்றைக்கு நீலம் வேண்டாம். கன்னச் சிவப்புக்குக் கெட்சப் புள்ளி வைக்காதீர்கள், சோறு உறிஞ்சி ஒரு மணி நேரத்தில் காயம்போலப் பரவும். வேகவைத்த கேரட்டை ஸ்ட்ராவால் குத்தி எடுத்த வட்டம் அசையாமல் இருக்கும்.

முட்டை அடைதான் இந்தக் கலையின் துணி. போர்வை, பூ, சிங்கத்தின் பிடரி எல்லாம் இதில்தான். முட்டை 1, உப்பு ஒரு சிட்டிகை, உருளைக்கிழங்கு மாவு அரைத் தேக்கரண்டியை 1 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துச் சேர்க்கவும். இந்த மாவு இல்லாவிட்டால் மடிக்கும்போது அடை கிழியும். சோள மாவும் ஆகும். வெள்ளைக் கரு கட்டியாக நிற்காமல் வடிகட்டியில் ஒருமுறை வடித்து, எண்ணெய் தடவித் துடைத்த தவாவில் ஊற்றிச் சிறுதீயில் வையுங்கள். மேல்பரப்பு காய்ந்ததும் அடுப்பை அணைத்துத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். தீ அதிகமானால் குமிழ் எழும்பி, பழுப்புப் பொட்டு விழும். பூ செய்ய, 6 செ.மீ. அகல நாடாவை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்தில் 5 மி.மீ. இடைவெளியில் கீறல்கள் போட்டுச் சுருட்டினால் செவ்வந்தி மலரும்.

சாசேஜ் ஆக்டோபஸ் எல்லாருக்கும் தெரியும். 5, 6 செ.மீ. சாசேஜின் ஒரு பாதியில் குறுக்கும் நெடுக்கும் கீறி வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால், தோல் சூட்டில் சுருங்கி இழுப்பதால் கால்கள் வெளிப்புறமாகச் சுருளும். ஆழமாகக் கீறாவிட்டால் கால் விரியாது. ஆனால் ஆக்டோபஸின் தலை உருண்டையாகவே இருக்கிறதே! சின்னக் குழந்தைகளுக்கு அதற்குப் பதில் நண்டு செய்யுங்கள். சாசேஜை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு முனையிலும் மூன்று மூன்று கீறல். வெந்ததும் காலும் கொடுக்குமாக விரியும். தட்டையாக இருப்பதால் டப்பாவிலும் உருளாது.

பழத்தில் முயல் ஆப்பிள் ஒன்றே போதும். ஆப்பிளை எட்டாக வகுந்து, தோலில் வி வடிவக் கீறல் போட்டு, வி-யின் உள்பக்கத் தோலைச் சீவி எடுத்தால் மிச்சத் தோல் இரண்டும் காது. 200 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம் உப்பு கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்தால் மதியம் வரை பழுப்பேறாது. மூன்று வயதுக்கு வேகாத ஆப்பிள் துண்டு கடினம், மெல்லிய சீவலாகவோ லேசாக வேகவைத்தோதான் தர வேண்டும்.

அடுக்கும் வரிசை முக்கியம். முதலில் சோறு. பிறகு பெரிய பொருள்கள். கடைசியில் இண்டு இடுக்குகளை வெந்த பிராக்கோலி, பீன்ஸ் துண்டுகள், கேரட் ஆகியவற்றால் அடைக்க வேண்டும். அடைத்தது போதுமா என்று பார்க்க, மூடிய டப்பாவைச் செங்குத்தாக நிறுத்தி மெல்லத் தட்டித் திறந்து பாருங்கள். எதுவும் நகராமல் இருந்தால் சரி. இடம் விட்டு அழகாக அடுக்கிய பென்டோ படத்துக்கு நன்றாக இருக்கும், பையில் போய்ச் சேரும்போது பாண்டா தலைகீழாகக் கிடக்கும். பிராக்கோலி வெந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து நீர் வடியவிட்டு, காகிதத் துவாலையில் ஒற்றி எடுத்துத்தான் வைக்க வேண்டும். அந்தப் பூவுக்குள் நிற்கும் தண்ணீர்தான் பல டப்பாக்களைக் கெடுக்கிறது. செர்ரி தக்காளியைக் காம்போடு வைப்பதும் அப்படித்தான், காம்படியில் கிருமி ஒளிந்திருக்கும்.

கெட்டுப்போவது பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கியாராபென்னில் இந்த ஆபத்து சாதாரணச் சாப்பாட்டைவிட அதிகம். காரணம், ஒவ்வொரு கண்ணுக்கும் மூக்குக்கும் கை படுகிறது, வேலை நீள நீளச் சோறு வெதுவெதுப்பிலேயே நிற்கிறது. கிருமிகள் 20 முதல் 50 டிகிரி வரையில்தான் வேகமாகப் பெருகும். ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லும் மூன்று சொற்கள் உண்டு: ஒட்டவிடாதே, பெருகவிடாதே, கொன்றுவிடு. கடைசியதற்கு, இறைச்சியும் முட்டையும் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வெந்திருக்க வேண்டும். ஹாம், நண்டுக் குச்சி என்று விற்கும் நண்டுச் சுவை மீன் துண்டு, மீன் கேக் போன்றவற்றை அப்படியே வெட்டி அலங்கரிப்பது குளிர்காலத்தில் சரி. ஜூன், ஜூலை மழைக் காலத்திலும் வெயிலிலும் ஒரு கொதி விட்டு ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும். நடுவில் வைக்கும் உமேபோஷி என்ற ஊறுகாய்ப் பழம் முழு டப்பாவையும் காக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். ஐஸ் பேக்கை டப்பாவின் அடியில் வைக்காமல் மூடியின்மேல் வையுங்கள், குளிர் கீழ்நோக்கித்தான் இறங்கும்.

சூடாக மூடினால் இன்னொரு தொல்லை. உள்ளே ஆவி குளிர்ந்து காற்றழுத்தம் குறைய, ரப்பர் வளையம் போட்ட மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுக் கை அதைத் திறக்காது, பசியோடு உட்கார்ந்திருக்கும். நான்கு பக்கமும் பூட்டு வைத்த டப்பாவைவிட இரண்டு பூட்டுள்ளது, அல்லது சும்மா கவிழ்த்து எலாஸ்டிக் பட்டை போடுவது நல்லது. பள்ளிக்கு அனுப்புவதற்கு முன் வீட்டில் நாலைந்து நாள் திறந்து மூடப் பழக்குங்கள்.

குளிர்காலத்தில் சில யோச்சியென்கள் டப்பாக்களை வெப்பப் பெட்டியில் வைத்துச் சூடாக்கித் தருகின்றன. அதற்காகத்தான் இன்னும் அலுமினிய டப்பா விற்கிறது, பிளாஸ்டிக் மூடி நெளிந்துவிடும். அந்தப் பள்ளிகளில் சீஸ் முகம் வேலைக்கு ஆகாது. உருகி வழிந்து, நோரிக் கண் எங்கோ மிதக்கும். அங்கே வெள்ளைக்கு முட்டை வெள்ளைக் கருவைத் தனியாக அடையாக ஊற்றி வெட்டிக்கொள்ளலாம். பழம் தனி டப்பாவில் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் செய்முறை ‘சாதம் 1 கப்’ என்று மட்டும் சொல்கிறது. பொன்னிப் புழுங்கலில் இது வரவே வராது. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, அதனால் ஒட்டும். ஆறினாலும் மெத்தென்றே இருக்கும், பென்டோ என்ற ஏற்பாடே அந்தக் குணத்தை நம்பித்தான் நிற்கிறது. நம் புழுங்கல் சோறு ஆற ஆற விறைக்கும், உருண்டை பொலபொலவென்று உதிரும். பச்சரிசியைக் குழைய வடித்துச் சூட்டிலேயே மசித்தால் ஓரளவு நிற்கும். அதைவிட மினி இட்லி நல்லது. அது பிறக்கும்போதே வெள்ளை வட்ட முகம்! கேரட் கன்னம், கருப்பு எள் கண், அவ்வளவுதான். நோரி தேவையில்லை. இட்லியின் ஈரத்தில் நோரி எப்படியும் சுருங்கிவிடும். எள்ளை இடுக்கியால் எடுத்து லேசாக அழுத்தினால் பதியும். இட்லியின்மேல் நெய் தடவுவதாக இருந்தால் எள்ளைப் பதித்த பிறகு தடவுங்கள், முதலில் தடவினால் வழுக்கும்.

நம் வீடுகளில் சூடாகக் கட்டிக் கொடுப்பதுதான் பாசம். பென்டோ அதற்கு நேர் எதிர், முழுக்க ஆறிய பிறகுதான் மூடுவார்கள். இரண்டில் ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். வெப்பம் காக்கும் பாத்திரத்தில் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்கட்டும், அல்லது முழுக்க ஆறி ஐஸ் பேக்கோடு போகட்டும். அலங்காரம் செய்த இட்லியை வெதுவெதுப்பாகச் சாதாரண டப்பாவில் மூடி, சென்னை மே மாதத்தில் வேன் ஏற்றி அனுப்புவதுதான் எல்லாவற்றையும்விட மோசமானது.

ஒரு டப்பாவுக்கு ஒரு முகம் போதும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவை வழக்கமான பொரியலும் முட்டையுமாக இருக்கட்டும். பாண்டாவுக்குப் பக்கத்தில் முயல், முயலுக்குப் பக்கத்தில் பூ, பூவில் வண்டு என்று போனால், கை படும் நேரம் கூடும், காய்கறிக்கு இடம் இருக்காது. பிள்ளைகள் ஒருவர் டப்பாவை ஒருவர் பார்த்து ஒப்பிட்டு மனம் வாடுகிறார்கள் என்பதால் கியாராபென் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லும் யோச்சியென்களும் ஜப்பானில் இருக்கின்றன. அங்கே கேரட்டை மட்டும் பூவாக வெட்டி வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, திருத்தம் போடும்போது இந்த நான்கையும் படத்தின் அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள். காடை முட்டை வேண்டாம். திராட்சையும் செர்ரி தக்காளியும் நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். கொட்டைகள் ஐந்து வயது வரை கூடாது. டப்பாவுக்குள் குச்சி கூடாது. இனிமேல் இத்தகைய செய்முறை எதை வெளியிட்டாலும் எந்த வயதுக்கு, எத்தனை மி.லி. டப்பாவுக்கு, கட்டியதிலிருந்து எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் பொருள் பட்டியலுக்கு மேலேயே அச்சிட வேண்டுகிறேன். பழைய பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறையில் ஒட்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், அதனால் திருத்தம் இந்த வாரமே வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிஷி கசாய், டோக்கியோ.